தாத்தா பெயரில் மின் இணைப்பு

அமெரிக்காவில் வீட்டுக்கூரையில் சோலார் போட்டவர்களுக்கு 2025 முடியும்வரை செலவில் 30 சதவீதம் வருமான வரியில் கழிவாகக் கிடைத்தது. இங்கே வரிக்கழிவு இல்லை, மானியம்தான். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும்.

நெட் மீட்டர் பொருத்தி, மின்வாரியம் சரிபார்த்த பிறகுதான் வரும். அதுவரை கைக்காசு அல்லது வங்கிக் கடன்.

தஞ்சைக் கிராமங்களில் இடைஞ்சல் வேறு. பாகம் பிரிக்காத பூர்வீக வீடு; மின் இணைப்போ காலமான தாத்தா பெயரில். (100 யூனிட் இலவசமாக வரும்போது பெயர் மாற்ற யார் அலைவார்கள்?) விண்ணப்பம் இணைப்புதாரர் பெயரில்தான் போக முடியும். குறுவை அறுத்த பணத்தில் சோலாருக்கு முன்பணம் கொடுக்க நினைப்பவர்கள், முதலில் பெயர் மாற்ற மனுவைக் கொடுத்துவிடுங்கள்.