பேட்மேன் வீட்டின் நிஜக் கதை: 20 லட்சம் பவுண்டுக்கு வேண்டாம் என்ற பிரிட்டன் அரசு... பிறகு நடந்தது என்ன?

'பேட்மேன் பிகின்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு புரூஸ் வெய்னின் பிரமாண்ட வீடு நினைவிருக்கும். அது செட் இல்லை. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் மென்ட்மோர் டவர்ஸ் என்ற நிஜ மாளிகை. ஒரு நாட்டின் பாரம்பரியச் சட்டமே மாற இந்த வீடுதான் காரணம். எப்படி?

யார் கட்டியது?

ஐரோப்பிய அரசுகளுக்கே கடன் கொடுத்த வங்கிக் குடும்பம் ரோத்ஸ்சைல்டு. லண்டன் கிளையை நிறுவிய நாதனின் கடைசி மகன் மேயர், 1850-களில் இதைக் கட்டினார். வடிவமைத்தவர், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் புகழ் ஜோசப் பாக்ஸ்டன். பெற்றோருக்குப் பின் ஒரே மகள் ஹன்னாவுக்கு வந்தது வீடு. அவர் மணந்த ரோஸ்பெரி பிரபு, 1894-ல் பிரிட்டன் பிரதமரானார்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

1974-ல் 6-வது ரோஸ்பெரி பிரபு இறந்தார். வாரிசு தலையில் பெரும் சொத்து வரி விழுந்தது. வீட்டையும் உள்ளே இருக்கும் கலைப்பொருட்களையும் மொத்தமாக 20 லட்சம் பவுண்டுக்கு அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று குடும்பம் கேட்டது. ஆனால் 1976-ல்தான் ஐ.எம்.எஃப்-பிடம் கையேந்தியிருந்தது பிரிட்டன். காலஹன் அரசு மறுத்துவிட்டது.

யாருக்கு நஷ்டம்?

1977-ல் சோத்பீஸ் ஏலம் நடந்தது. பொருட்கள் மட்டுமே 60 லட்சம் பவுண்டுக்கும் மேல் போயின. அதில் ஒரு ஓவியம் வேறொருவர் வரைந்தது என்ற பெயரில் வெறும் 8,000 பவுண்டுக்கு விலைபோனது. வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஃப்ரகோனார் என்பது பிறகு உறுதியானது. அடுத்த ஆண்டே லண்டன் நேஷனல் கேலரி அதை சுமார் 5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. மொத்த வீட்டுக்கும் கேட்ட தொகையில் கால்வாசி, ஒரே படத்துக்கு!

பணம் இல்லையா, மனம் இல்லையா?

இதுதான் முக்கியமான கேள்வி. இது மாதிரி சொத்துகளை நாட்டுக்காகக் காப்பாற்றவே 1946-ல் 5 கோடி பவுண்டில் 'தேசிய நில நிதி' தொடங்கப்பட்டது. அது கஜானாவின் கட்டுப்பாட்டிலேயே கிடந்தது. மென்ட்மோர் ஏலத்தால் கிளம்பிய கோபத்துக்குப் பிறகுதான், 1980-ல் அதற்குப் பதிலாக சுயமாக முடிவெடுக்கும் 'தேசிய பாரம்பரிய நினைவு நிதி' வந்தது.

வீடு என்ன ஆனது?

1978-ல் மகரிஷி மகேஷ் யோகியின் அமைப்பு சுமார் 2.4 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பின்னர் ஒரு முதலீட்டாளர் கைக்குப் போனது. சொகுசு ஹோட்டலாக்கும் திட்டம் பாதியில் நின்றது. ஆபத்தில் உள்ள பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலிலும் மென்ட்மோர் சேர்ந்தது.

அதே மாவட்டத்தில் அதே குடும்பம் கட்டிய வாடஸ்டன் மாளிகை, 1957-ல் பொருட்களோடு நேஷனல் டிரஸ்ட்டுக்கு உயிலாக எழுதித் தரப்பட்டது. இன்று டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மென்ட்மோரை? படத்தில்தான் பார்க்க வேண்டும்.