"ஒண்டாவது தப்பியிருக்குத்தானே பிள்ளை"

ஸ்கானில் இரட்டைப்பிள்ளை எண்டு தெரிஞ்ச அன்றே சொந்தக்காரர் பெயர் தேடத் தொடங்கிவிடுவினம். அதில் ஒரு பிள்ளையின் இதயத்துடிப்பு இடையில் நின்றுபோனால், எல்லாருடைய வாயிலும் வருவது ஒரே வசனம்தான்: "ஒண்டாவது தப்பியிருக்குத்தானே பிள்ளை, அழாத." இந்த வசனத்தை எங்கட தலைமுறையாவது விடவேணும் எண்டு நினைக்கிறம்.

ஆறுதலுக்குத்தான் சொல்லுகினம், விளங்குது. ஆனால் அவள் இன்னும் இரண்டு பேரையும்தான் சுமக்கிறாள். ஒன்று உதைக்குது, மற்றது அசையாமல் கிடக்குது. ஒவ்வொரு கிளினிக்கிலும் திரையில் இரண்டையும் பார்க்கவேண்டியிருக்கு. அழவும் கூடாது, அழுதால் இருக்கிற பிள்ளைக்குக் கூடாதாம்.

அடுத்தது பயமுறுத்தல். "செத்ததை உள்ளுக்க வச்சிருந்தா நஞ்சேறும், உடனே ஒப்பரேசன் செய்து எடுக்கச் சொல்லு." இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேற. பிள்ளைகளுக்கு நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா? ஆளுக்கொரு நச்சுக்கொடி எண்டால் ஒருவரின் இறப்பு மற்றவரின் இரத்தோட்டத்தைப் பெரும்பாலும் தொடாது. முதல் மூன்று மாதத்துக்குள் நடந்தால் இறந்த கரு பலவேளை தானாகக் கரைந்துவிடும். பிந்தி நடந்தால் சுருங்கித் தட்டையாகி, பிரசவத்தில் நச்சுக்கொடியோடு வெளியே வரும். தாயின் இரத்தம் உறைவதில் சிக்கல் வருவது மிக அரிது.

ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்த பிள்ளைகளின் நிலைமை பாரதூரமானது. இரண்டு பேரின் இரத்தக்குழாய்களும் அதற்குள் தொடுபட்டிருக்கும். ஒரு பிள்ளையின் இதயம் நிற்கும்போது மற்றப் பிள்ளையின் இரத்தம் அந்தப் பக்கம் பாய்ந்து, அதன் இரத்த அழுத்தம் திடீரென விழலாம். மூன்று மாதத்துக்குப் பிறகு நடந்த இழப்புகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, நச்சுக்கொடி ஒன்றானால் மற்றப் பிள்ளையும் இறக்கும் வாய்ப்பு சுமார் 15 வீதம், இரண்டானால் 3 வீதம். தப்பிய பிள்ளைக்கு மூளை, நரம்பு வளர்ச்சியில் பாதிப்பு வருவது முறையே 26, 2 வீதம்.

அப்படியெண்டால் உடனே எடுத்துவிடலாமே எண்டு கேட்பீங்கள். பாதிப்பு நடப்பதெண்டால் பெரும்பாலும் அந்த இறப்பு நேரத்திலேயே நடந்து முடிஞ்சிடும். அவசரப்பட்டு எடுத்தால் குறைமாதப் பிள்ளைக்குரிய கஷ்டங்களும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான், வேறு காரணம் இல்லாவிட்டால், வைத்தியர்கள் பொறுத்திருந்து பார்க்கினம். சுமார் நாலு கிழமைக்குப் பிறகு, வசதியிருந்தால், பிள்ளையின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பினம். வெளியில் நிற்கிற சொந்தக்காரருக்கு இது "ஒண்டும் செய்யாமல் வச்சிருக்கிறாங்கள்" எண்டுதான் தெரியும். தாய்க்கும் அப்படித்தான் தெரியும், ஒருவரும் விளங்கப்படுத்தாவிட்டால். கிளினிக்கில் சனம் நிறைஞ்சிருக்கு, வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், ஸ்கான் ரிப்போர்ட் ஆங்கிலத்தில். அதில் எம்.சி.டி.ஏ. அல்லது டி.சி.டி.ஏ. எண்டு நாலே எழுத்து இருக்கும். முதலாவது நச்சுக்கொடி ஒன்று, மற்றது இரண்டு. இதை 14 கிழமைக்கு முன்னமே பார்ப்பதுதான் நிச்சயம். கூடப்போகிற கணவனோ தங்கச்சியோ கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், பிறகு எவ்வளவோ வீண் பயம் குறையும்.

பிறகு விசாரணை தொடங்கும். ரெட்டை வாழைப்பழம் திண்டால் ரெட்டைப்பிள்ளை எண்டு நம்புகிற ஊரில், ஒன்று போனதுக்குக் காரணம் கண்டுபிடிப்பதா கஷ்டம்? நாவூறு, பஸ் பயணம், தூக்கின வாளி! நச்சுக்கொடியில் இரத்தம் சமனாகப் பகிரப்படாமை, கொடியில் சிக்கல், பிள்ளையின் பிறவிக் குறைபாடு எண்டு மருத்துவக் காரணங்கள் பல. காரணமே பிடிபடாமலும் போகும். வாளி அதில் இல்லை.

பிரசவ வாட்டில்தான் இது இன்னும் சுடும். பக்கத்துக் கட்டிலில் இரண்டு தொட்டில் இருக்கும். பிரித்தானியாவில் இரட்டையரில் ஒன்றை இழந்த ஒரு தாயிடம், விசயம் தெரியாத இன்னொரு தாய், "உங்களுக்கு இரட்டை இல்லாதது அதிர்ஷ்டம்" எண்ட மாதிரிச் சொல்லிவிட்டார். அதிலிருந்துதான் இப்படியான பிள்ளைகளின் தொட்டிலில் ஊதா வண்ணத்துப்பூச்சி அட்டை ஒட்டும் வழக்கம் 2016 அளவில் அங்கே தொடங்கியது. எங்கட ஆஸ்பத்திரிகளிலும் இதைச் செய்யலாம், ஒரு துண்டு அட்டைதானே தேவை.

இறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமலே ஆம்பிளையள் கொண்டுபோய்ப் புதைக்கிற பழக்கமும் இருக்கு. பார்க்கிறியா எண்டு அவளிடம் ஒருக்கால் கேட்டால் என்ன? தாங்கமாட்டாள் எண்டு முடிவெடுக்க மற்றவை யார்?

இருக்கிற பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு இன்னொரு பெயரும் அவளுக்கு ஞாபகம் வரும். அதைச் சொல்லத் தொடங்கினால் "இண்டைக்கு ஏன் அந்தக் கதை" எண்டு மறிக்காமல், கேக்கை வெட்ட ஐந்து நிமிசம் பிந்தினாலும் பரவாயில்லை, இருந்து கேட்பம்.