எல்லோருக்குமான மொழியும் அதன் பத்திரமும்

'எல்லோருக்கும்' என்கிற சொல்லை யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான். யார் அந்த எல்லோரும்? கொடுத்தவன் நினைத்தால் திரும்பப் பிடுங்க முடியுமா? இந்த ரெண்டு கேள்வியையும் கேட்காம கைதட்டக் கூடாது. கணினி மொழியானாலும் கேட்டாகணும்.

பைத்தான் என்கிற நிரல்மொழியை எடுத்துக்குவோம். கீடோ வான் ராஸம் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது உருவாக்கி 1991இல் வெளியிட்டது. 1999இல் அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்பாவிடம் அவர் ஒரு திட்டம் கொடுத்தார். தலைப்பே 'எல்லோருக்கும் கணினி நிரலாக்கம்'. குறிக்கோள்கள் நாலு: மொழி எளிமையா இருக்கணும், ஆனா ஆற்றலில் மற்ற பெரிய மொழிகளுக்குக் குறையக் கூடாது, மூலநிரல் திறந்து இருக்கணும், எழுதினது சாதாரண ஆங்கிலம் மாதிரி புரியணும், அன்றாட வேலைக்கு உதவணும்.

சாதாரண ஆங்கிலமாம்! யாருக்குச் சாதாரணம்? அந்த இடத்திலேயே 'எல்லோரும்' சுருங்கிப் போகுது. திட்டமும் பிறகு நின்னு போச்சு.

நிலைச்சது உரிமம்தான். வங்கியில் குமாஸ்தா நான். பத்திரத்தில் மேலே பெரிசா போட்டிருக்கிற வாசகம் ஆளைக் காப்பாத்தாது. கீழே இருக்கிற பொடி எழுத்துதான் காப்பாத்தும், இல்லேன்னா கழுத்தை அறுக்கும். 2000இல் வந்த பைத்தான் 1.6இன் உரிமத்தில், அப்போது அதை வெளியிட்ட சி.என்.ஆர்.ஐ. நிறுவனம் வர்ஜீனியா மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி வைத்தது. ஜி.பி.எல். உரிமத்தோடு இது ஒத்துப்போகாது என்றது ஸ்டால்மனின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை. ஒரே ஒரு வரி! 2001இல் வந்த பதிப்புகளில்தான் சிக்கல் தீர்ந்தது. மொழியைப் பராமரிக்கத் தனி அறக்கட்டளையும் அந்த ஆண்டே உருவானது.

இப்போதைய உரிமம் சொல்வது இதுதான்: எடு, நகலெடு, மாத்து, வேணும்னா வில்லு. பதிப்புரிமை அறிவிப்பை நீக்காதே. மாத்தி வெளியிட்டா என்ன மாத்தினேன்னு சுருக்கமா சொல்லு. நிபந்தனையை மீறினால்தான் உரிமம் ரத்தாகும்.

மாத்தினதைத் திறந்து காட்டு என்று ஜி.பி.எல். போல இது கட்டாயப்படுத்துவதில்லை. பெரிய முதலாளி எடுத்துப் பூட்டி வைத்து விற்கலாம். தோழர்கள் இதைக் கண்டிக்கிறார்கள்; கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவன் பூட்டுவது தன் நகலை. மூலம் நம்ம கையை விட்டுப் போகலை.

போகாததால் என்ன நடந்தது? 'எழில்' என்கிற தமிழ் நிரல்மொழியைப் பைத்தானைக் கொண்டே எழுதினார்கள். அதில் கட்டளைச் சொற்கள் 'பதிப்பி', 'முடி' என்று தமிழில் நிற்கின்றன. குறிக்கோளில் விட்டுப்போனவர்கள் உரிமத்தின் வழியாக உள்ளே வந்தார்கள். யாரிடமும் மனு கொடுக்கலை.

மாணவத் தோழர்களே, குறிக்கோளைப் படிச்சு உருகாதீங்க. உரிமத்தைப் படிங்க, பொடி எழுத்து வரைக்கும் படிங்க. நல்ல மனசு கொடுப்பது சலுகை. மனசு மாறினால் அதுவும் போகும். எழுத்தில் இருப்பதுதான் உரிமை. அதை எடுத்துக்கொள்ள யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.