கடலைக் கூறு போடாதீர்!

மத்தியதரைக் கடலோரத்துப் பழம்பதிகளைக் கண்டுவரும் ஆர்வம் நம்மவரிடையே வளர்ந்து வருகின்றது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் நாம் செல்லும் முறையும், சென்று வந்து பேசும் பேச்சும் வரவேற்கத்தக்கன அல்ல. கூட்டமாக வானூர்தியில் போய் இறங்குகின்றோம். வழிகாட்டி ஒருவர், “இதுவும் ஒரு காலத்தில் நம்முடையது, அதுவும் நம்முடையது” என்று சுட்டிக் காட்டுகின்றார். பெருமூச்சு விடுகின்றோம், படம் எடுத்துக்கொள்கின்றோம், அடுத்த ஊருக்கு விரைகின்றோம். இது வரலாற்றுப் பயணம் அன்று. துக்கம் விசாரித்து வருவது.

மேலைநாட்டார் பலர் இதே பிழையை மறுகரையில் நின்று செய்கின்றனர். அக்கடல் ஐரோப்பாவின் முற்றம் என்பதும், அரபியர் இடையில் புகுந்தவர் என்பதும் அவர்தம் எண்ணம். இரு சாராரும் நீரின்மேல் கோடு கிழிக்கின்றனர். நம் முன்னோரான அரபுப் புவியியலாரோ அக்கடலைப் ‘பஹ்ருர் ரூம்’, அதாவது உரோமரின் கடல் என்றே எழுதினர். பிறர் பெயரால் ஒரு கடலை அழைக்க அவர்கள் கூசவில்லை.

அவ்வூர்களைக் காண விரும்புவோர் தனியாகச் செல்க. சாதாரணப் பயணிகள் கப்பலில், துறைமுகம் விட்டுத் துறைமுகம் செல்க என்பதே என் வாதம்.

தனித்துப் பயணம் செய்வதை நம் நூல்கள் விரும்பவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். வழியின் அச்சமும் ஆபத்துமே அதற்குக் காரணம் என விளக்கவுரையாளர் பலர் எழுதியிருக்கின்றனர். நூற்றுக்கணக்கானோர் உறங்கும் கப்பல் தளம் ஆளற்ற பாலைவனம் அன்று. கூட்டத்தோடு செல்பவன் தன் கூட்டத்தாரோடு மட்டுமே பேசுகின்றான். தனியே செல்பவனுக்கோ அயலானோடு பேசுவதன்றி வேறு வழியில்லை. ஜெனோவாவிலிருந்து தூனிஸ் செல்லும் கப்பலில் கோடைக்காலத்தில் ஏறிப் பாருங்கள். ஐரோப்பாவில் உழைக்கும் தூனிஸியர், கூரைமேல் மூட்டைகள் கட்டிய கார்களோடு பிள்ளை குட்டிகளுடன் ஊர் திரும்புவர். எந்த வழிகாட்டியும் சொல்லாத வரலாற்றை அவர்கள் சொல்வார்கள்.

கி.பி. 1183-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், ஸப்தாவிலிருந்து இஸ்கந்தரிய்யாவுக்கு எவருடைய கப்பலில் சென்றார்? ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவருடைய கப்பலில்! ஸலாஹுத்தீன் அய்யூபிக்கும் சிலுவைப் போராளிகளுக்கும் பகை முற்றியிருந்த காலம் அது. இஸ்கந்தரிய்யாவில் முஸ்லிம் சுங்க அதிகாரிகள் பயணிகளைப் படுத்திய பாட்டை அவர் மனம் நொந்து எழுதுகின்றார். 1184-இல், சிலுவையர் ஆண்ட அக்காவின் சுங்கச் சாவடியில் கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் பேசி அரபியிலேயே கணக்கெழுதியதையும் அவரே பதிவு செய்கின்றார். திரும்பும் வழியில் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்தது. கரையேற்றிய படகுக்காரருக்குக் கூலி கொடுக்க வகையற்ற ஏழை முஸ்லிம்களுக்காகப் பொருள் கொடுத்து உதவியவர் சிசிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம். இவற்றில் எதை ‘நம்முடையது’ என்போம்? எதை ‘அவர்களுடையது’ என்போம்?

சிசிலியை வென்ற கதையைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். 827-இல் படை நடத்திச் சென்றவர் கைரவானின் காழி அஸத் இப்னுல் ஃபுராத். இமாம் மாலிக்கிடம் பாடம் கேட்ட சட்டமேதை. மேடைகளில் இதைப் பெருமையோடு முழங்குகின்றோம். அப்படையை அழைத்தவன் பைஸாந்தியக் கடற்படைத் தலைவன் யூஃபீமியஸ் என்பதை மட்டும் விட்டுவிடுகின்றோம். பின்னர் நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் பலெர்மோ அரண்மனையில் அமர்ந்தே, 1154-இல் அல் இத்ரீஸி தம் புவியியல் பெருநூலை முடித்தார். இன்றும் பலெர்மோப் பேராலயத்தின் வாயில் தூண் ஒன்றில் திருக்குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. சிசிலி உழவர் நீர்த்தொட்டியை ‘ஜெப்பியா’ என்பர். நம் ‘ஜாபியா’தான் அது. கல்லில் உள்ளதைக் காட்ட வழிகாட்டி போதும். சொல்லில் உள்ளதைக் கேட்கச் சந்தையில் தனியே நிற்க வேண்டும்.

பலெர்மோவில் கப்பலேறினால் ஓரிரவுப் பயணத்தில் தூனிஸின் துறையான ஹல்குல் வாதியை அடையலாம். ஆற்றின் தொண்டை என்பது அப்பெயரின் பொருள். இத்தாலியர் வழங்கும் ‘கொலெத்தா’ என்ற பெயரும் தொண்டையையே குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமையால் கடல் கடந்த சிசிலி மீனவர் அங்கே குடியேறி ஒரு பேட்டையையே அமைத்தனர். அன்று பிழைப்புத் தேடி வடக்கிலிருந்து தெற்கே வந்தனர். இன்று தெற்கிலிருந்து வடக்கே செல்கின்றனர்.

அநீதியே நிகழவில்லை என்று நான் சொல்லவில்லை. சிசிலியின் முஸ்லிம்கள் லூசேராவுக்குக் கடத்தப்பட்டதும், 1300-இல் அவ்வூர் அழிக்கப்பட்டு அவர்களிற் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டதும் மறக்கத்தக்கவை அல்ல. ஆயின் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இழப்பிற்கு அழும் கண்கள் இன்றைய சாவுக்கு வறண்டிருப்பது ஏன்? 2013 அக்டோபர் 3-ஆம் நாள் லம்பதூசாத் தீவருகே ஒரே படகில் 360-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014 முதல் அக்கடலில் மாண்டோரும் காணாமற்போனோரும் 30,000-ஐத் தாண்டிவிட்டனர் என்று ஐ.நா.வின் புலம்பெயர்வோர் அமைப்பு கணக்கிட்டுள்ளது. கடவுச்சீட்டும் விசாவும் உள்ளவன் கப்பல் தளத்தில் தேநீர் அருந்திச் செல்லும் அதே நீரில், அவையில்லாதவன் மூழ்குகின்றான். நீரின்மேல் கிழித்த கோட்டின் விலை இதுதான்!

மரக்கலத்தால் பெயர் பெற்ற மரக்காயர் சமுதாயம் நமக்குள் உண்டு. கடல் மதில் அன்று, பாதை என்பதை நமக்கு மற்றவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அந்நகரங்களுக்கு அனுப்பும் பெற்றோர், “நாம் எதை இழந்தோம் என்று பார்த்து வா” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “அங்கே யார் யார் வாழ்கின்றனர், யார் யாரோடு கடல் கடந்தனர் என்று கேட்டு வா” என்று சொல்லி அனுப்புங்கள்.