இறுதி நாளை அறியாத 'குமாரன்': கிறிஸ்தவ விளக்கங்கள் நிற்குமா?



"நானே கடவுள், என்னை வணங்குங்கள் என்று இயேசு எங்கே சொன்னார்?" கிறிஸ்தவ நண்பரிடம் இக்கேள்வியைக் கேட்ட மாணவர் ஒருவர், வாடிய முகத்துடன் என்னிடம் வந்தார். இதே சொற்களில்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது யார் என அந்த நண்பர் திருப்பிக் கேட்டாராம். இயேசு பாவங்களை மன்னித்ததையும் (மாற்கு 2), தோமா அவரைத் தேவன் என்று அழைத்ததையும் (யோவான் 20:28) எடுத்துக்காட்டினாராம். மாணவரிடம் பதில் இல்லை.

நண்பரின் அந்த ஆட்சேபம் நியாயமானதே. ஒரு கோட்பாடு குறிப்பிட்ட சொற்றொடரில் அமைந்தாக வேண்டும் என்பது வலுவான வாதமன்று. மேடையில் கைதட்டல் பெறும் கேள்வியை விட்டுவிட்டு, சுவிசேஷமே எழுப்பும் கேள்வியை நாம் கேட்போம்.

இறுதி நாளையும் அதன் நேரத்தையும் வானவர்களும் அறியார், குமாரனும் அறியார், பிதா ஒருவரே அறிவார் என்பது மாற்கு 13:32-இன் கருத்து. இறைவனோ யாவற்றையும் அறிந்தவன். அறியாதவர் எவ்வாறு இறைவனாவார்? இதற்குக் கிறிஸ்தவ அறிஞர்கள் கூறும் பதில்களை நேர்மையுடன் ஆராய்வோம்.

முதல் பதில்: மனித இயல்பில் அவர் அறியவில்லை, தெய்வ இயல்பில் அறிந்திருந்தார். கி.பி. 451-இல் கல்கிதோன் சங்கம் வகுத்த இரு இயல்புக் கோட்பாடு இதற்கு அடிப்படை. ஆனால் வசனம் 'மனிதன் அறியான்' என்பதோடு நிற்கவில்லை. பிதாவுக்கு எதிரே 'குமாரன்' என்ற பெயரையே நிறுத்துகிறது. மத்தேயு 28:19-இல் பிதாவுக்கும் பரிசுத்த ஆவிக்கும் இடையே வரும் அதே பெயர்! மேலும், பிதா ஒருவரே அறிவார் என்றால் பரிசுத்த ஆவியின் நிலை என்ன? ஆவி மனித உடல் எடுக்கவில்லையே! இரு இயல்பு விளக்கம் அங்கே உதவாது.

இரண்டாம் பதில்: 'அறியார்' என்பதற்கு 'பிறருக்கு அறிவிக்க மாட்டார்' என்பதே பொருள். அகஸ்டின் இவ்வாறு விளக்கினார். அப்படியானால் அதே வாக்கியத்தில் பிதா அறிவார் என்பதற்கு, 'பிதா அறிவிப்பார்' என்றல்லவா பொருள் கொள்ள வேண்டும்? பிதா அந்நாளை யாருக்கும் அறிவிக்கவில்லையே! ஒரே வாக்கியத்தில் ஒரே சொல்லுக்கு, தேவைக்கேற்ப இரு பொருள் கொள்வது விளக்கமாகாது.

மூன்றாம் பதில்: மனிதர், வானவர், குமாரன், பிதா என்ற வரிசையில் குமாரன் வானவர்களுக்கு மேலே நிற்கிறார். உண்மைதான். ஆனால் வானவரினும் உயர்ந்தவர் இறைவனாகிவிட மாட்டார். வானவர்கள் ஆதம் (அலை) அவர்களுக்கு ஸஜ்தா செய்தார்கள். ஆதமோ அடியாராகவே இருந்தார்.

அன்பிற்குரியவர்களே! இவ்வசனம் நமக்குப் புதிதன்று. மறுமை எப்போது என்று ஜிப்ரீல் (அலை) வினவியபோது, கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்றே நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அந்த அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்று குர்ஆனும் (7:187) அறிவிக்கிறது. அறியாததை 'அறியேன்' என்பது இறைத்தூதருக்கு இழுக்கன்று. அதுவே அடிமைத்துவத்தின் அழகு. ஈஸா (அலை) அவர்களைக் கடவுளாக்கியவர்களுக்குத்தான் அந்தச் சொல் சுமையாகிறது.

வேதம் வழங்கப்பட்டோருடன் மிக அழகிய முறையிலேயே வாதம் செய்யுமாறு அல்லாஹ் (29:46) கட்டளையிடுகிறான். ஆகவே பிள்ளைகளுக்கு வாதங்களை மட்டும் மனனம் செய்விக்காதீர்கள்; எதிர்த்தரப்பின் பதிலைப் பொறுமையோடு கேட்கவும், அதில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளவும் பழக்குங்கள். சத்தியத்திற்குப் பலவீனமான முட்டுக்கட்டைகள் தேவையில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நேர்வழி காட்டுவானாக! ஆமீன்.