சாலமன் லிண்டாவின் பாட்டு

ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவதில் தவறேதும் இல்லை. பாட்டுகள் காலம் தாண்டி வருவதே அப்படித்தான். ஆனால் மறுபடி பாடியவர்கள் ஒவ்வொருவராகப் பேரும் பணமும் பெற, கட்டியவனின் பெயர் மட்டும் இசைத்தட்டின் ஒட்டுச்சீட்டிலிருந்து காணாமல் போகிறது என்றால், அது இசைக்குள் நடந்த கொள்ளை. ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று உலகம் அறிந்த பாட்டின் கதை இதுதான்.

1939, ஜோகன்னஸ்பர்க். ஜூலு நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த சாலமன் லிண்டா, தன் ‘ஈவனிங் பேர்ட்ஸ்’ குழுவுடன் கேலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்கிறார். பாட்டின் பெயர் ‘ம்பூபே’. ஜூலு மொழியில் சிங்கம். மாடு மேய்த்த சிறுவயதில் கன்றுகளைத் தேடி வந்த சிங்கங்களை விரட்டிய நினைவு. வரிகள் சொற்பம். கனத்த ஆண்குரல்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சுழற்ற, அதன்மேல் லிண்டாவின் உச்சக் குரல் தன்னிச்சையாக அலைகிறது. மூன்றாவது டேக் முடியப் போகும் நேரத்தில், அதுவரை பாடாத ஒரு சிறு மெட்டை அந்தக் கணத்தில் தோன்றியபடி பாடிவிடுகிறார். சில விநாடிகள்தான். பின்னாளில் கோடிக்கணக்கான டாலர்களை ஈட்டியது அந்தச் சில விநாடிகளே.

லிண்டாவுக்குக் கிடைத்தது 10 ஷில்லிங் என்கிறார்கள். உரிமை நிறுவனத்துக்குப் போயிற்று. தட்டு சுமார் ஒரு லட்சம் விற்றது. அந்த வகைப் பாடலுக்கே ‘ம்பூபே’ என்று பெயர் நிலைத்தது. தென்னாப்பிரிக்கக் குழுவான லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோவின் கூட்டுக்குரல் மரபுக்கு இங்கேயும் ஒரு வேர் உண்டு.

நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாகத் தட்டு அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகரின் கைக்கு வந்தது. அவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதில் பாட்டு ‘விமோவே’ ஆயிற்று. 1952இல் அவரது ‘வீவர்ஸ்’ குழு பெரிய வாத்தியக் குழுவுடன் வெளியிட்ட தட்டில் ‘பால் கேம்பல்’ என்று போட்டிருந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது. குழு வைத்துக்கொண்ட புனைபெயர். சீகர் பிறகு லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பிவைத்தார். அவருடைய நல்ல மனதை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்கப் பாட்டு என்றால் ஊர்ப்பொதுச் சொத்து, அதற்குத் தனியொரு ஆசிரியன் இருக்க மாட்டான் என்ற எண்ணத்திலிருந்து நல்ல மனிதர்களும் அன்று தப்பவில்லை.

1961இல் பாடலாசிரியர் ஜார்ஜ் டேவிட் வெய்ஸ், லிண்டா கடைசியில் பாடிய அந்த மெட்டுக்கே ஆங்கில வரிகள் எழுதினார். ‘டோக்கன்ஸ்’ குழு பாடியது. அந்த டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். இனிமையான பதிவு, மறுக்கவில்லை. ஆனால் 1939இன் பதிவைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். அடியில் உறுமிக்கொண்டிருந்த குரல்கள் இதில் தாலாட்டாகிவிட்டன. வேட்டையின் பதற்றம் போய்விட்டது. தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1960இல் ஜூலுவிலேயே பாடிய வடிவத்தில் அது போகவில்லை. மறுபடி பாடியவர்களில் நமக்கு நெருக்கமானவர் அவரே.

லிண்டா 1962இல் சொவேட்டோவில் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல் நடவே பல ஆண்டுகள் ஆயின. பாட்டோ நிற்கவில்லை: 1972இல் ராபர்ட் ஜான், 1982இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘டைட் ஃபிட்’, 1994இல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ படம். தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் 2000இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் கணக்கைப் பிரித்துப் போட்டார். பாட்டு 1.5 கோடி டாலர் அளவுக்கு ஈட்டியிருக்கும் என்பது அவர் மதிப்பீடு.

அதன் பிறகுதான் வழக்கறிஞர் ஓவன் டீன் ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளி உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து அது வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும். அப்படியானால் 1987 முதலே அது லிண்டாவின் மகள்களுடையது. 2004இல் டிஸ்னிமீது வழக்கு; 2006இல் சமரசம். பழைய பாக்கியும் இனி வருவதில் பங்கும் தர ஒப்புக்கொண்டார்கள். ‘ம்பூபே’யிலிருந்து பிறந்ததே இந்தப் பாட்டு என்பதும், லிண்டா அதன் ஆசிரியர்களில் ஒருவர் என்பதும் எழுத்தில் ஏறின. மகள்களில் ஒருவர் அதைப் பார்க்க இல்லை. எய்ட்ஸ் நோய்க்கு மருந்து வாங்க வழியில்லாமல் 2001இலேயே அவர் இறந்திருந்தார்.