கலயத்தில் எண்ணெய்



வெள்ளமோ கொள்ளைநோயோ வந்தால், தோட்டம் கைமாறி வேலை போனால், “இதுதான் கடைசிக் காலமா? எப்படி ஆயத்தப்படுவது?” என்ற கேள்வி நம் வீடுகளில் எழுந்துவிடும். சிலர் தேதியே குறித்துக் கொடுப்பார்கள். அந்த நாள் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று ஆண்டவரே சொன்ன பிறகு, நமக்கு எதற்கு அந்தக் கணக்கு?

துன்பகாலம் எப்படி வரும் என்பதை நம் ஹுத்தான் மெலிந்தாங் ஒருமுறை கண்டிருக்கிறது. 1942 ஜனவரி தொடக்கத்தில், கம்பாரில் சண்டை மும்முரமாக நடந்தபோது, ஜப்பானியப் படை கடல் வழியாக வந்து இங்கே கரையேறியது. பின்னால் வழி அடைபடும் என்று அஞ்சிய பிரிட்டிஷார் கம்பாரை விட்டுப் பின்வாங்கினார்கள். துரைமார் போனார்கள். ரப்பரைக் கேட்பாரில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு ஆயிற்று. சாக்குத்துணியும் உடையாயிற்று.

அதற்கும் மேலே ஒன்று வந்தது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லியும், சொல்லாமல் பிடித்தும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த ரயில்பாதை சுமார் 415 கிலோமீட்டர். 1943-இல் முகாம்களில் காலரா பரவியது. எத்தனையோ பேர் திரும்பவேயில்லை. லயத்தில் மனைவி மக்கள் வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நாளில் கைகொடுத்தது எது? பணம் அல்ல. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை மூட்டையாகச் சேர்த்தவனுக்கும் 1945-இல் அது வெறும் காகிதம்தான். அதற்காகச் சேமிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேர்த்தானே! ஆனால் பஞ்சம் வந்ததும் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். நம்மில் பலர் யோசேப்பின் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறோம்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கன்னிகைகளின் கதை முதலில் வருகிறது. நடுராத்திரியில் எண்ணெயைக் கடன் வாங்க முடியவில்லை. சயாம் முகாமுக்கு இழுத்துப் போகப்பட்டவனுக்குக் கோயில் இல்லை, போதகர் இல்லை. நெஞ்சில் மனப்பாடமாய் இருந்த ஒரு சங்கீதமோ ஜெபமோதான் அவன் கொண்டுபோகக்கூடிய வேதம். நம் பிள்ளைகளுக்கு அப்படி எத்தனை சங்கீதம் தெரியும்? தொலைபேசியில் வேதாகமம் இருக்கிறதே என்பார்கள். பாட்டரி தீர்ந்தால்?

அதே அதிகாரத்தின் முடிவில் நியாயத்தீர்ப்பு வருகிறது. அங்கே ராஜா கேட்பது, பசித்தவனுக்கு என்ன கொடுத்தாய், நோயாளியைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான். ஆகவே சயாமுக்குப் போனவனின் மனைவி பட்டினி கிடந்தபோது, பக்கத்து வீட்டில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நியாயத்தீர்ப்பு நாள் அன்றைக்கே வந்துவிட்டது என்பேன்.

இன்றைக்குப் பால்மரம் போய்ச் செம்பனை வந்திருக்கிறது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். வயதானவர்கள் பல வீடுகளில் தனியே இருக்கிறார்கள். அண்ணன் தம்பிக்குள்ளே நிலத்துக்காகவும் கல்யாணச் சீருக்காகவும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. இப்போதே போய்ப் பேசிவிடுங்கள். கஷ்டம் வந்த பிறகு போனால், உதவி கேட்டு வந்தான் என்றுதான் நினைப்பார்கள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாரம் ஒரு வசனம் பிள்ளைகள் பார்க்காமல் சொல்லட்டும். நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடியரிசிப் பானையை மறுபடி அடுப்பங்கரையில் வையுங்கள். மாதக் கடைசியில் அது நிறைந்ததும், உங்கள் வரிசையில் எந்த வீட்டில் இரண்டு நாளாய் அடுப்புப் புகையவில்லை என்று அம்மாவைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.